அணைவதைப் பார்த்து வாங்கிய அடுப்பு

ஹாலின் மேற்கு மூலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அங்கே நாற்காலி கிடையாது. வெறும் மரத்தரை, அதன் பின்னால் பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவர், அவ்வளவுதான். ஆனாலும் முதுகைச் சாய்த்து, முழங்கால் மடங்கி, நாற்காலியில் இருப்பவர் எந்த உயரத்தில் இருப்பாரோ அந்த உயரத்தில் அவர் இருந்தார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒருமுறை இருமினார். அவள் அலறவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது தரை மட்டும் இருந்தது.

1998ஆம் ஆண்டு, அக்டோபரின் கடைசி வாரம். நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். சோளக்காடுகளை அழித்து எழுப்பிய புது வீடுகள் வரிசைகட்டி நின்ற சாலையின் கடைக்கோடியில், யாரும் இடிக்காமல் விட்டுவைத்த பழைய வீடு அது. ஜூன் மாதம் சேனாபதியும் ஜலஜாவும் அதை வாங்கியிருந்தார்கள். அதற்கு முன் வால்ட்டர் என்ற முதியவர் அதில் தனியாக வாழ்ந்தார். இரண்டு குளிர்காலங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துகிடந்தார். மூப்பு என்று எழுதினார்கள். ஒஹையோவில் வாழ்ந்த அவர் மகள் கேரன் வீட்டை விற்றாள். இவ்வளவும் வாங்கும்போதே தெரியும். சாவு நடக்காத வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று சேனாபதி அப்போது கேட்டான். சரியான கேள்விதான்.

அந்த வாரம்தான் பேஸ்மென்ட்டில் இருந்த ஆயில் ஃபர்னஸை முதன்முதலாக ஓடவிட்டார்கள். வீடு முழுவதற்கும் வெப்பக்காற்றை அனுப்பும் பழைய இரும்புப் பூதம் அது. எண்ணெய் விலைக்குப் பயந்து சேனாபதி அதை அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகவிடவில்லை. காலையில் எழுந்தால் ஜலஜாவுக்குத் தலை கனத்தது. நாக்கில் இரும்பை நக்கியதுபோல் ஒரு சுவை. மாடிப்படி ஏறும்போது கால்கள் பிறருடையவைபோல் பின்தங்கின. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்து, சட்டத்தின் வழியே நீர் ஒழுகியது. இரண்டு நாளுக்கொருமுறை, மாலை வேளையில், அந்த மூலையில் அவர் இருந்தார்.

ஒன்பது நாள்கள் கழித்துத்தான் கணவனிடம் சொன்னாள். பேய் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. யாரோ இருப்பதுபோல் இருக்கிறது, இருமல் கேட்கிறது, தலை வலிக்கிறது என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லைச் சொன்னவன் சேனாபதி.

"பேயா?" என்றான். "கெமிஸ்ட்ரில எம்.எஸ்சி. பண்ணவ பேசற பேச்சா ஜலஜா இது? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. வீட்ல ஹீட் பத்தல. குளுர்ல மூள என்னென்னமோ காட்டும். அவ்ளோதான்."

சேனாபதியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாராபுரத்தில் அவன் தகப்பனார் வீட்டில் கடவுள் படங்கள் இருக்கவேண்டிய சுவரில் பகுத்தறிவு இயக்கத்தின் துண்டுவெளியீடுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படித்து வளர்ந்தவன் அவன். சாதி பாராமல், புரோகிதர் இல்லாமல், தாலி கட்டாமல் ஜலஜாவை மணந்தவன். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் கணினி நிரல்களில் இரண்டிலக்க ஆண்டுகளை நான்கிலக்கமாக மாற்றுவது அவன் பிழைப்பு. தமிழ்ச்சங்க மேடை அவன் உயிர். அவன் பேசத் தொடங்கினால் பின்வரிசையில் பஜ்ஜி தின்பவர்களும் கையை நிறுத்துவார்கள். மூடத்தனத்தின் முதல் பலி பெண் என்று அவன் பேசியிருக்கிறான். பெண்ணின் குரலுக்குச் செவி கொடாத சமுதாயம் செத்த சமுதாயம் என்று பேசியிருக்கிறான். பேசியிருக்கிறான் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் வெப்பம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்த மறுநாளே அவன் விளம்பரத்தாள்களோடு வந்தான். பெல்லட் ஸ்டவ். மரத்தூளை இறுக்கி, கோழித்தீவனக் குருணைபோல் செய்து மூட்டையில் விற்கிறார்கள். மேலேயுள்ள பெட்டியில் கொட்டினால் உள்ளே ஒரு திருகு சுழன்று, கொஞ்சங்கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். ஒரு மின்விசிறி புகையைக் குழாய்வழியே வெளியேற்றும், இன்னொன்று வெப்பத்தை அறைக்குள் வீசும். எண்ணெயில் பாதிச் செலவு. அலுவலக நண்பர்கள் இருவர் வாங்கியிருந்தார்கள். வீடு சூடானால் மனைவியின் மயக்கமும் தெளியும் என்று அவன் கணக்குப் போட்டான். பேயை விரட்ட வேப்பிலைக்குப் பதில் அடுப்பு வாங்குகிறோம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை, ரூட் 206இல் இருந்த கடைக்குப் போனார்கள். ஐந்து வயது மகள் யாமினியும் உடன் இருந்தாள். எட் என்ற பெரிய மீசைக்காரர் கடையை நடத்தினார். பன்னிரண்டு அடுப்புகள் நின்றன. நான்கில் நெருப்பு எரிந்தது. பொன்னிறச் சட்டம் போட்ட அகன்ற கண்ணாடிக்குள் கொழுந்துகள் ஆடிய ஓர் அடுப்பின் முன்னால் சேனாபதி நின்றுவிட்டான். எத்தனை மணி நேரம் எரியும், எத்தனை சதுர அடியைச் சூடாக்கும், சாம்பலை எத்தனை நாளுக்கொருமுறை அள்ள வேண்டும் என்றெல்லாம் கேட்டான். எட் அவனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஜலஜா கேட்டாள். தானாக நின்றுவிடும் என்று எட் சேனாபதியிடம் சொன்னார். விசிறி நின்றால் கிண்ணத்தில் மிச்சம் எரிகிறதே, அதன் புகை எங்கே போகும் என்று கேட்டாள். எட் ஒரு தாளை எடுத்துச் சேனாபதியிடம் நீட்டினார். அதிலே எல்லாம் இருக்கிறதாம்.

ஹாலின் மேற்கு மூலையில், சுவருக்குப் பின்னால் செங்கல் புகைபோக்கி போகிறது. முன்பு ஏதோ விறகடுப்பின் குழாய் செருகியிருந்த துளைகூட அங்கே இருக்க வேண்டும். அதிலேயே இணைத்துவிடலாம் என்று சேனாபதி திட்டம் சொன்னான். ஃபர்னஸ் புகையும் அதே வழியாகத்தான் போகிறதென்றால் முதலில் ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எட் தலையை அசைத்தார். பார்க்கலாம் என்றான் சேனாபதி.

திரும்பும் வழியில் ஜலஜா ஒன்றைக் கவனித்தாள். கடையில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் தலைவலி போயிருந்தது. வீடு வந்து அரை மணியில் அது திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தது.

நவம்பர் நடுவில் ஒரு மாலை. யாமினி தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தன் சிறு போர்வையைக் கொண்டுவந்து மேற்கு மூலையில் விரித்துப் போட்டாள். ஏன் என்று ஜலஜா கேட்டாள். குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஹி இஸ் கோல்டு, அம்மா."

அவள் கண்டதை அவள் யாரிடம் சொன்னாளோ இல்லையோ, மகளிடம் சொன்னதே இல்லை. குழந்தை சில நாளாக மதியத்தில் வாந்தி எடுப்பதும், பள்ளியிலிருந்து வந்ததும் உறங்கிவிடுவதும் அவள் நெஞ்சில் அடுக்கடுக்காக வந்து நின்றன.

யாமினி அதையே சாந்தாமணி ஆன்ட்டி வீட்டிலும் சொல்லிவிட்டாள். நான்கு தெரு தள்ளியிருந்த கந்தசாமியும் சாந்தாமணியும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். அமெரிக்காவுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆனவர்கள். புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையல் பாத்திரம் முதல் பல் டாக்டர் வரை தேடித் தரும் நல்லவர்கள். நல்லவர்கள் வழியாகத்தான் செய்தி வேகமாகப் பரவுகிறது. பகுத்தறிவுச் சேனாபதி வீட்டில் வெள்ளைக்காரப் பேய் என்று நம்மவர்கள் நிறைந்த எடிசன் ஊர் வரையில் சிரித்தார்கள். அந்தப் பேய்க்கு கிரீன் கார்டு தேவையில்லை, அதனால் கிளப்புவது கடினம் என்று ஒருவர் தொலைபேசியிலேயே சேனாபதியிடம் சொன்னார்.

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. அன்று மாலை விமான டிக்கெட்டுக்குப் பதிவு செய்துவிட்டு வந்தான். டிசம்பர் இருபதாம் தேதி ஜலஜாவும் யாமினியும் கோயம்புத்தூர் போக வேண்டும். ஆறு மாதம் அவள் தாய்வீட்டில் ஓய்வு. அதற்குள் அவன் அடுப்பைப் போட்டு, வீட்டைச் சூடாக்கி, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிடுவான். டாக்டரிடமும் காட்டலாம், மனத்துக்கான டாக்டர் என்றான். மிகவும் மென்மையாகச் சொன்னான். மென்மையாகச் சொல்லப்படும் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்வது கடினம்.

டிக்கெட் வந்த இரண்டாம் நாள், மேற்கு மூலையில் இருந்தவர் முதன்முதலாக முகத்தைத் திருப்பினார். அதுவரையில் ஜலஜா தோளையும் தலைமுடியையும்தான் பார்த்திருந்தாள். இப்போது முகம் தெரிந்தது. கன்னங்கள் செக்கச்சிவந்து, வாய் பாதி திறந்து, உறங்குபவன்போல் இருந்தது அந்த முகம். அது சேனாபதியின் முகம்.

அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். அவள் ஊருக்குப் போய்விடுவாள். அவன் இந்த வீட்டில் தனியாக இருப்பான். அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை. போகக் கூடாது. ஏன் போகக் கூடாது என்பதை அவன் ஒப்புக்கொள்ளும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழி அவளுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் சாந்தாமணி ஓயவில்லை. செத்தவருக்கு யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், ஆத்மா அலைகிறது, ஒரு ஹோமம் செய்தால் அடங்கும் என்றாள். கந்தசாமி சேனாபதியைத் தனியே அழைத்துப் பேசினார்.

"தம்பி, நீ நம்ப வேண்டாம். அந்தப் புள்ள மனசுக்காக ஒரு ஃபார்மாலிட்டின்னு வெச்சுக்க. ஊருக்குப் போறப்ப தெளிவாப் போகட்டும்."

சேனாபதி இசைந்தான். ஜலஜா ஹோமம் கேட்கவே இல்லை என்பது இருவர் நினைவிலும் இல்லை. அவளைப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பக்தர்கள். பேய்ப் பயம் பிடித்திருக்கிறது என்றான் பகுத்தறிவாளன். பக்தியும் பகுத்தறிவும் கைகோத்து ஒரே தீர்ப்பை எழுதின: பிழை வீட்டில் இல்லை, அவளிடத்தில். கேட்க மறுக்கும் செவி எந்தக் கொடியின் கீழ் நின்றால் என்ன? செவிடு செவிடுதான்.

டிசம்பரின் இரண்டாம் ஞாயிறு. ஃபர்னஸை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஹாலின் நடுவில் செங்கல் அடுக்கினார்கள். கோயிலிலிருந்து குருக்கள் வந்திருந்தார். ஹோமப் புகை எழுந்தால் வீட்டிலுள்ள அலாரங்கள் ஊரைக் கூட்டும். அதனால் முதலில் அவற்றின் பாட்டரிகளைக் கழற்றிவிடுவது அங்கே வாழும் நம்மவர்களின் வழக்கம். எந்த வீட்டில் ஹோமம் என்றாலும் கந்தசாமிதான் ஸ்டூல் போட்டு ஏறுவார். அன்றும் ஏறினார். சமையலறைக் கூரையிலிருந்த வட்டப்பெட்டியைத் திறந்தார்.

"அட, இதுல பாட்டரியே இல்லியே."

மாடிப்படியின் மேல் இருந்ததிலும் இல்லை. ஹாலை ஒட்டிய நடையில், சுவரில் இருந்ததிலும் இல்லை. கந்தசாமி ஸ்டூலின் மேலேயே நின்று யோசித்தார். பிறகு தலையில் மெல்லத் தட்டிக்கொண்டார்.

"நாந்தான் கழட்டுனேன். ஜூன்ல, கிரகப்பிரவேச ஹோமத்தன்னிக்கு. ஜிப்பா பாக்கெட்ல போட்டேன். அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

ஊரிலிருந்து வந்திருந்த தன் தாயின் மனம் நோகக் கூடாதென்று அந்த ஜூன் ஹோமத்துக்குச் சேனாபதி தலையாட்டியிருந்தான். தன் கொள்கை நோகக் கூடாதென்று அது முடியும்வரை பின்தோட்டத்தில் நின்றிருந்தான். கழற்றியதை அவன் பார்க்கவில்லை. மாட்டாததையும் யாரும் பார்க்கவில்லை.

சிலர் சிரித்தார்கள். ஜலஜா நடையிலிருந்த மூன்றாவது பெட்டியை வாங்கிப் பார்த்தாள். மற்ற இரண்டும் புகைக்கானவை. இது வேறு, வீட்டை விற்பதற்காகக் கேரன் புதிதாக மாட்டியது. இதன் முகத்தில் கார்பன் மோனாக்சைடு என்று அச்சிட்டிருந்தது.

அவள் அந்தப் பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கோயம்புத்தூரில் இரண்டாண்டுகள் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் மாணவிகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. நிறமில்லாதது. மணமில்லாதது. எரிவது அரைகுறையாக எரிந்தால் பிறப்பது. நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்கு ஆசையோடு அதைப் பற்றிக்கொள்ளும். தலை கனக்கும், குமட்டும், கால் தளரும், இல்லாதது தெரியும். இறப்பவர் கன்னம் சிவந்திருக்கும். வியர்த்த ஜன்னல்கள். கடையில் போன தலைவலி. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வர்ஜீனியாவில் நண்பர் செல்வராஜ் வீட்டில் தங்கியிருந்த மூன்று நாள்களில் யாமினி ஒருமுறைகூட வாந்தி எடுக்காதது. ஃபர்னஸ் ஓடாத ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்; அப்போது மூலையில் ஒருவரும் இல்லாதது.

இப்போதே சொல்லலாம். ஆனால் திறந்த ஜன்னல்களும் நின்றுபோன ஃபர்னஸும் சாட்சி சொல்லமாட்டா. அவள் பொறுத்தாள். நாணிப்போயிருந்த கந்தசாமியிடம் புதுப் பாட்டரிகள் வேண்டுமென்று மட்டும் சொன்னாள். ஹோமம் முடிந்து இலை போடுவதற்குள் அவர் வாங்கிவந்துவிட்டார்.

நான்கு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். வீடு சுத்தமாகிவிட்டது, காற்றே வேறு மாதிரி இருக்கிறது என்றாள் சாந்தாமணி. உண்மைதான், ஆறு மணி நேரம் ஜன்னல்கள் திறந்திருந்தன. புகை முழுக்க அடங்கியபின் ஜலஜா மூன்று பெட்டிகளிலும் பாட்டரிகளை மாட்டினாள். நடையிலிருந்த பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துவந்து, மேற்கு மூலையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டாள். சேனாபதி ஜன்னல்களைச் சாத்தினான், ஃபர்னஸைத் தொடங்கினான். குளிர்ந்துபோன வீட்டை மீட்க அது நிற்காமல் உறுமியது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூலைப்பெட்டி கத்தியது.

"ஹோமப் புகை" என்றான் சேனாபதி, சோபாவிலிருந்து எழாமலே. "இதுக்குத்தான் நான் வேணாம்னு சொன்னேன்."

"புகைக்குக் கத்தறது இது இல்லீங்க. அது கிச்சன்ல இருக்குது. அது சும்மா இருக்குது பாருங்க."

அவன் கேட்டான். சமையலறைப் பெட்டி ஊமையாக இருந்தது. மூலையில் இருந்தது மட்டும் கத்தியது. இதைவிடத் தெளிவான சான்றை எந்த ஆய்வகமும் ஒரு மனிதன்முன் வைத்ததில்லை. ஆனால் சான்றை எடுத்து நீட்டிய கை அவன் மனைவியினுடையது. சென்ற மாதமே அவன் தீர்ப்பு எழுதி முடித்திருந்த மனைவி.

"ஏனுங்க, வெளிய போலாம். இப்பவே. ஃபர்னஸ் புகை வீட்டுக்குள்ள வருது. இத்தன நாளா நாம சுவாசிச்சது அதத்தான்."

"ஒரு அஞ்சு நிமிஷம் இரு. ஆறு மாசம் பாட்டரி இல்லாம கெடந்த டிடெக்டர் அது. கெட்டுப்போயிருக்கும். நான் பாத்துச் சொல்றேன்."

அவன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போய் மூலையில் போட்டான். ஆணியிலிருந்து பெட்டியை எடுத்து, பாட்டரியைப் பிடுங்கினான். வீடு அமைதியானது. அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்துப் பின்புறத்து எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினான்.

ஜலஜா விவாதிக்கவில்லை. யாமினியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிக் காரின் பின்னிருக்கையில் உட்காரவைத்தாள். திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். உள்ளே, விளக்கொளியில், மேற்கு மூலையில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்ந்திருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கையிலிருந்த பெட்டி நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அவள் வாசற்கதவை முழுக்கத் திறந்துவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பேஸ்மென்ட் படியின் தலைப்பில் ஃபர்னஸுக்கான சிவப்பு ஸ்விட்ச். அதை அணைத்தாள். கணவனின் கையை இழுத்தாள். தலை சுத்துது என்றான். எழுந்தான், முழங்கால் மடங்கி விழுந்தான். அக்குளில் கை கொடுத்து, அரைப்பங்கு நடத்தியும் அரைப்பங்கு இழுத்தும் அவனைப் புல்வெளிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, 911ஐ அழைத்தாள்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். கதவு திறந்து கிடந்தும், மூலையில் அவர்கள் கருவி காட்டிய வாயுவின் அளவு பத்து லட்சத்துக்கு இருநூறு பங்கைத் தாண்டியது. அடைத்திருந்த வீட்டில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவர்களில் ஒருவரும் சொல்ல விரும்பவில்லை. ஆம்புலன்ஸில் படுக்கவைத்து, பிராணவாயு முகமூடியைச் சேனாபதியின் முகத்தில் மாட்டினார்கள். மேடைகளை அதிரவைத்த அந்த வாய் முகமூடிக்குள் இருந்தது. கண்கள் மட்டும் ஜலஜாவைத் தேடின. அவள் யாமினியை மடியில் வைத்து, இன்னொரு முகமூடிக்குள் குழந்தை மூச்சு வாங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் புகைபோக்கியைச் சோதித்த கொத்தனார் சுவர்க்காகிதத்தைக் கிழித்துக் காட்டினார். உள்ளே வரிசையாக இருக்கவேண்டிய சுட்ட மண்குழாய்கள் என்றோ இடிந்து, பாதிவழியை அடைத்திருந்தன. அடைபட்ட ஃபர்னஸ் புகை போக வேறு வழி தேடியிருக்கிறது. மேற்கு மூலையில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், பழைய விறகடுப்பின் துளை. அதன் மேல் தகரத்தட்டு. தட்டின் மேல் பூப்போட்ட காகிதம். தட்டின் ஓரங்கள் கறுத்திருந்தன. சேனாபதி அடுப்பை இணைக்க நினைத்தது இந்தத் துளையில்தான்.

கந்தசாமி வீட்டில் அவர்கள் தங்கியிருந்த அந்த நாள்களில், வால்ட்டரின் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்றாள் ஜலஜா. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் எதற்கு என்று சாந்தாமணி கேட்டாள். ஜலஜா எண்ணைத் தேடி எடுத்து, தானே பேசினாள். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் ஒன்றையே சொன்னார் என்றாள் கேரன். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று சொன்னாராம். வயதாகிவிட்டது, மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று அவள் பதில் சொன்னாளாம்.

இதைக் கணவனிடம் அப்படியே தமிழில் சொல்லி முடித்துவிட்டு ஜலஜா எழுந்து போனாள். சேனாபதி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். அன்று கந்தசாமி சாப்பிடக் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அந்த முதியவர் சொன்னது உண்மை. வீட்டில் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் இருந்தது, எடை இருந்தது, அதை அளக்கக் கருவி இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றுதான்: சொன்னவரை நம்பிச் சென்று பார்க்கும் ஒரு மனிதர். அந்த ஒரு மனிதர் இல்லாமல் ஒருவர் போனார். இன்னும் மூவர் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மேடையில் இரங்கல் உரையாற்ற, அவனைப்போலவே ஒரு பேச்சாளன் கிடைத்திருப்பான்.

டிக்கெட்டுகளை அவனே போய் ரத்து செய்தான்.

ஃபர்னஸை இனி ஓட்டுவதில்லை என்றும் அடுப்பே வேண்டும் என்றும் முடிவானது. ஜனவரியின் முதல் சனிக்கிழமை மறுபடி எட் நடத்தும் கடை. பொன்னிறச் சட்ட அடுப்பு அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எட் சேனாபதியைப் பார்த்துக் கையை நீட்டினார். சேனாபதி கையைக் குலுக்கிவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றான். எட் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சற்றுத் தடுமாறி, ஜலஜாவைப் பார்த்தார்.

அவள் கைப்பையிலிருந்து அந்தச் சுவர்ப்பெட்டியை எடுத்து, பாட்டரி இருக்கிறதா என்று பார்த்து, பொன்னிற அடுப்பின் தலையில் வைத்தாள். எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் மின்வயரைப் பிடுங்க வேண்டும் என்றாள். எட் சிரித்தார், யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் பிடுங்கினார்.

விசிறிகள் நின்றன. கொழுந்துகள் நிமிர்ந்து, சோம்பலாக, கண்ணாடியின் உள்பக்கத்தை நக்கத் தொடங்கின. இரண்டு நிமிடத்தில் கண்ணாடி புகையால் பழுப்பேறியது. கதவின் கீழ் விளிம்பிலிருந்து நூல்போல் ஒரு புகை வெளியே வந்து, பொன்னிறச் சட்டத்தின்மேல் ஊர்ந்து போனது. எட் மெல்ல, இது கதவு ரப்பர் பழசானதால் இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றாள் ஜலஜா. எரிகிற அழகைப் பார்த்து எல்லாரும் வாங்குகிறார்கள். அவள் அணைகிற விதத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

இரண்டாவது அடுப்பும் புகைந்தது. மூன்றாவது, கடையின் பின்பக்கத்தில், கறுப்பாக, கட்டையாக, அழகென்று ஒன்றும் இல்லாமல் நின்றது. கண்ணாடி ஒரு சாண்தான். எரிவதற்கான காற்றை அது அறையிலிருந்து எடுப்பதில்லை, வெளியிலிருந்து தனிக்குழாயில் எடுக்கிறது. புகையும் தனிக்குழாயில், கிழக்குச் சுவர் வழியே நேராகப் போகும். அந்தக் குழாயை வெளியே சில அடி உயர்த்தியிருப்பதால் விசிறி நின்றாலும் இழுப்பு நிற்காது என்று எட் இப்போது அவளிடமே விளக்கினார். அவள் இரண்டுமுறை கேள்வி கேட்டாள். பிறகு வயரைப் பிடுங்கச் சொன்னாள்.

நெருப்பு சற்றுத் தாழ்ந்தது. கிண்ணத்தில் குருணைகள் சிவந்து, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஜலஜா தரையில் மண்டியிட்டு, கதவின் கீழ் விளிம்பருகே முகத்தைக் கொண்டுபோய், மெல்ல மூச்சை இழுத்தாள். மேலே பெட்டி மௌனமாக இருந்தது.

"வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நீங்களும் மோந்து பாருங்க. வாசம் இருக்கறதுக்கு நாம. வாசம் இல்லாததுக்கு அந்தப் பெட்டி."

சேனாபதி கோட்டோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டான். கடைக்குள் வந்த ஒரு தம்பதி அவர்களைப் பார்த்து நின்றது. அவன் குனிந்து, இரும்பின் விளிம்பில் மூக்கை வைத்து இழுத்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

"இன்னும் அணையலீங்க. கொஞ்ச நேரம் இருங்க."

அவன் இருந்தான்.